பின்னணிப் பணியின் விலை: பைத்தான் மொழியில் உடனிகழ்வின் முப்பத்து மூன்று ஆண்டுகள்

2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடைபெற்ற பைத்தான் மாநாட்டில் டேவிட் பீஸ்லி ஓர் எளிய சோதனையை முன்வைத்தார். பெரிய எண் ஒன்றிலிருந்து பூச்சியம் வரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும் சிறு நிரல் அது. வேலை முழுவதையும் ஒரே ஓட்டமாகச் செய்யவைத்தால் ஆகும் நேரம் ஒரு பக்கம். அதே வேலையை இரண்டாகப் பகிர்ந்து, திரெட் எனப்படும் இரண்டு இழைகளிடம் ஒப்படைத்தால் ஆகும் நேரம் மறுபக்கம். இரட்டைக் கருவகம் கொண்ட கணினியில் இரண்டாவது முறையே விரைவாக முடியவேண்டும் என்று எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ நேர்மாறு. இரண்டு இழைகள் சேர்ந்து செய்த வேலைக்கு, ஒன்று தனித்துச் செய்ததைக் காட்டிலும் கூடுதல் நேரம் பிடித்தது. கணினியின் ஒரு கருவகத்தை முடக்கிவிட்டு ஓட்டியபோது இழைகளின் வேகம் சற்றுக் கூடியது.

ஆள் கூடக் கூட வேலை தாமதமாகும் இவ்விந்தையைப் பைத்தானின் குறைபாடு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். வரலாற்றை நோக்கினால் அது அவ்வளவு எளிதன்று. ஒரு காலத்தில் மிகச் சரியாக இருந்த முடிவொன்று, கணினிகள் மாறிய பின்னும் தொடர்ந்து நின்றதன் விளைவு அது. அம்முடிவை மாற்றுவதற்கான விலையை யார் கொடுப்பது என்ற வினாவே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அம்மொழியின் வளர்ச்சியை நடத்திவந்திருக்கிறது.

1. பின்னணி என்னும் கருத்து

ஒரு பணியைப் பின்னணிக்கு அனுப்புவது பைத்தானைவிட மிகப் பழைய பழக்கம். 1970களின் தொடக்கத்திலேயே யூனிக்ஸ் இயங்குதளத்தில் கட்டளையின் இறுதியில் 'உம்மைக் குறி' ஒன்றைச் சேர்த்தால் அப்பணி பின்னணிக்குச் செல்லும். பயனர் அடுத்த கட்டளையைத் தட்டெழுதத் தொடங்கலாம். அதற்கும் முன்பே, 1963இல் வெளியான கட்டுரையில் மெல்வின் கான்வே 'கோரூட்டின்' என்ற கருத்தை விளக்கியிருந்தார். ஒரு நிரல்கூறு பாதியில் நின்று, மற்றொன்றுக்கு வழிவிட்டு, பின்னர் விட்ட இடத்திலிருந்தே தொடரும் என்பது அதன் சாரம். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களின் நடுவில் செமஃபோர் என்னும் பூட்டு முறையை வகுத்து, ஒரே நேரத்தில் இயங்கும் பணிகள் ஒன்றன் காலை ஒன்று மிதிக்காமல் இருக்க வழி சொன்னார்.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாகப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். பின்னணிக்கு அனுப்பப்படும் பணிகள் இரு வகையின. ஒன்று காத்திருக்கும் பணி: வலைத்தளம் ஒன்றின் பதிலுக்காகவோ தரவுத்தளத்தின் விடைக்காகவோ நிற்பது. மற்றொன்று கணக்கிடும் பணி: செயலியை ஓயாமல் உழைக்கவைப்பது. பல அடுப்புகளில் பால் காய வைத்துவிட்டு ஒருவரே மேற்பார்க்க இயலும்; பத்துப் படி மாவை ஒருவரே இரண்டு உரல்களில் ஆட்ட இயலாது. முன்னதற்கு வேண்டியது உடனிகழ்வு. பின்னதற்கு வேண்டியது இணைச்செயல். பைத்தானின் வரலாற்றில் எழுந்த குழப்பங்களிற் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால் விளைந்தது.

2. 1992: ஒரே ஒலிவாங்கி

ஆம்ஸ்டர்டாமில் உள்ள தேசியக் கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கைடோ வான் ராஸம் 1989 டிசம்பரில் பைத்தானை உருவாக்கத் தொடங்கினார். அமீபா என்னும் பகிர்ந்தியங்கு இயங்குதளத்தின் நிர்வாகப் பணிகளுக்கு வசதியான மொழி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. 1991 பிப்ரவரியில் முதற்பதிப்பு வெளியாயிற்று. அடுத்த ஆண்டே இழைகளுக்கான வசதி சேர்க்கப்பட்டது. அப்போதுதான் ஒரு நெருக்கடி முளைத்தது.

பைத்தானில் ஒவ்வொரு தரவுப் பொருளும் தன்னை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற எண்ணைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. அந்த எண் பூச்சியமானால் பொருள் நினைவகத்திலிருந்து நீக்கப்படும். எண்ணைக் கூட்டுவது என்பது படித்தல், ஒன்றைச் சேர்த்தல், திரும்ப எழுதுதல் என மூன்று செயல்களால் ஆனது. இரண்டு இழைகள் ஒரே கணத்தில் ஒரே எண்ணைப் படித்துக் கூட்டி எழுதினால், இரண்டு கூடவேண்டிய இடத்தில் ஒன்றே கூடும். பிறகு, இன்னும் பயன்பாட்டில் உள்ள பொருளே நினைவகத்திலிருந்து துடைக்கப்பட்டுவிடலாம்.

இதற்குக் காணப்பட்ட தீர்வுதான் 'குளோபல் இன்டர்பிரட்டர் லாக்', சுருக்கமாக ஜி.ஐ.எல். இயங்கும் நிரல் முழுமைக்கும் ஒரே பூட்டு. மேடையில் பத்துப் பேச்சாளர்கள் அமர்ந்திருந்தாலும் ஒலிவாங்கி ஒன்றே; அது யார் கையில் இருக்கிறதோ அவரே பேசலாம். வலைப்பின்னலிலோ கோப்பிலோ ஒரு செயலுக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அவ்விழை ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்.

அக்காலச் சூழலில் இது அறிவார்ந்த தேர்வே ஆகும். ஆய்வாளர்களின் மேசைகளில் இருந்த கணினிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் செயலி கொண்டவை. பேசும் வாய் ஒன்றே உள்ளபோது ஒலிவாங்கி ஒன்றாக இருப்பதில் இழப்பில்லை. ஒரே பூட்டு என்பதால் ஒற்றை இழையில் ஓடும் நிரலின் வேகம் குறையவில்லை. சி மொழியில் எழுதப்பட்ட நூலகங்களைப் பைத்தானுடன் இணைப்பதும் எளிதாயிற்று. அந்நூலகங்களை எழுதுவோர் பூட்டுகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. பின்னாளில் நம்பை போன்ற கணிதத் தொகுப்புகளும் அவற்றின் மேல் எழுந்த அறிவியல் நிரல்களும் செழித்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். குறை என்று இன்று சொல்லப்படுவது அன்று மொழியின் பரவலுக்கு உரமாக இருந்தது.

3. முதல் எதிர்ப்பும் ஒரு நிபந்தனையும்

1990களின் பிற்பகுதியிலேயே கிரெக் ஸ்டீன் இப்பூட்டை அகற்றிக் காட்டினார். ஒரு பெரிய பூட்டுக்குப் பதிலாக நுண்ணிய பூட்டுகள் பலவற்றை அவர் அமைத்தார். முயற்சி செயல்பட்டது, ஆனால் ஒற்றை இழையில் ஓடும் நிரல் ஏறத்தாழப் பாதி வேகத்திற்கு இறங்கியது. பல செயலி கொண்ட கணினிகளை வைத்திருந்த சிலருக்காக, ஒற்றைச் செயலி வைத்திருந்த பலர் அவ்விலையைக் கொடுக்கவேண்டும் என்ற நிலை. அத்திருத்தம் மொழியிற் சேரவில்லை.

2005இல் நிலைமை மாறியது. செயலியின் கடிகார வேகத்தை மேலும் கூட்ட இயலாத எல்லையை உற்பத்தியாளர்கள் நெருங்கினர். அவ்வாண்டில் இரட்டைக் கருவகச் செயலிகள் மேசைக்கணினிகளுக்கு வந்துசேர்ந்தன. மென்பொருள் தானாகவே வேகம் பெற்றுவந்த காலம் முடிந்தது என்று ஹெர்ப் சட்டர் அதே ஆண்டு எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. பைத்தான் பயனர்களிடமிருந்தும் ஜி.ஐ.எல்லை நீக்கவேண்டும் என்ற குரல் வலுத்தது. 2007இல் கைடோ அதற்கு விடையளித்தார். பூட்டை அகற்றும் திருத்தத்தை வரவேற்பதாகவும், ஒற்றை இழை நிரலின் வேகம் குறையக்கூடாது என்பதே நிபந்தனை என்றும் அவர் தெரிவித்தார். இந்நிபந்தனை பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எவராலும் முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. 2016 முதல் லாரி ஹேஸ்டிங்ஸ் 'கிலெக்டமி' என்ற பெயரில் மேற்கொண்ட முயற்சியும் இதே பாறையில் மோதி நின்றது: பூட்டு போயிற்று, வேகமும் உடன் போயிற்று.

4. பூட்டைச் சுற்றி வகுத்த பாதைகள்

பூட்டை உடைக்க இயலாதபோது அதைச் சுற்றிச் செல்லும் வழிகள் பிறந்தன. முதல் வழி, தனித்தனிப் பிராசஸ்கள். ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி இன்டர்பிரட்டர், தனி நினைவகம், தனிப் பூட்டு. ஒரே மேடைக்குப் பதிலாகப் பல மேடைகள் என்று கொள்ளலாம். ரிச்சர்ட் ஔட்கெர்க் எழுதிய தொகுப்பை அவரும் ஜெஸ்ஸி நோலரும் முன்மொழிய, 2008 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 2.6இல் 'மல்டிபிராசஸிங்' என்ற பெயரில் அது இடம்பெற்றது. இழைகளைக் கையாளும் அதே சொற்களால் பிராசஸ்களையும் கையாளலாம் என்பது அதன் சிறப்பு. விலையும் உண்டு. ஒரு பிராசஸிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு செல்லவேண்டுமானால் அதைப் பைட்டுகளின் வரிசையாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் பிரிக்கவேண்டும். கணக்கு சிறிதாகவும் தரவு பெரிதாகவும் இருந்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும்.

இரண்டாம் வழி, இருக்கும் பூட்டைச் செம்மைப்படுத்துவது. பழைய முறையில் ஓர் இழை நூறு உள்நிலைக் கட்டளைகளுக்கு ஒருமுறை பூட்டை விட்டுவிட்டு, உடனே மீண்டும் பற்ற முயலும். பல கருவகங்களில் இழைகள் பூட்டுக்காக ஒன்றையொன்று முந்தியதில் நேரம் வீணாயிற்று. பீஸ்லியின் சோதனை வெளிக்காட்டிய விந்தைக்கு இதுவே காரணம். அந்துவான் பித்ரூ திருத்தியெழுதிய புதிய பூட்டு 2011இல் வந்த பைத்தான் 3.2இல் சேர்ந்தது. அதன்படி, காத்திருக்கும் இழை 5 மில்லிநொடி பொறுத்த பின்னரே பூட்டைக் கேட்கும். சண்டை தணிந்தது, ஒலிவாங்கி ஒன்றாகவே நீடித்தது.

அதே 3.2 பதிப்பில் பிரையன் குவின்லன் முன்மொழிந்த 'கன்கரன்ட் ஃபியூச்சர்ஸ்' தொகுப்பும் இடம்பெற்றது. இழைகளையோ பிராசஸ்களையோ நிரலர் நேரடியாகப் படைக்காமல், பணியாளர் குழு ஒன்றிடம் வேலையை ஒப்படைத்து, பின்னர் பெறவிருக்கும் விடைக்கான சீட்டை வாங்கிக்கொள்வது அதன் முறை. காத்திருக்கும் பணியானால் இழைக்குழு, கணக்கிடும் பணியானால் பிராசஸ் குழு; ஒரு சொல்லை மாற்றினாற் போதும். முன்னர்ச் சுட்டிய இருவகைப் பணிகளின் வேறுபாடு இங்குதான் மொழியின் அமைப்பிலேயே தெளிவாகப் பதிந்தது.

நிரல் ஓடும் கணினியே நின்றுபோனாலும் அழியக்கூடாத பணிகளுக்கு இவை எவையும் போதா. பயனருக்கு மின்னஞ்சல் அனுப்புதல், பெரிய அறிக்கை தயாரித்தல் போன்றவற்றை வெளியே உள்ள வரிசை ஒன்றில் எழுதிவைத்து, தனிப் பணியாளர் நிரல்கள் அவற்றை எடுத்துச் செய்யும் முறை பரவியது. ஆஸ்க் சோலெம் 2009இல் வெளியிட்ட செலெரி இவ்வகையிற் பெரிதும் அறியப்பட்டது.

5. காத்திருத்தலின் கலை

மூன்றாம் வழி முற்றிலும் வேறானது. பணி காத்திருப்பது மட்டுமே எனில் பல இழைகள் எதற்கு? ஒரே இழை, ஒரு சுழற்சி. யாருக்கு விடை வந்ததோ அவரை எழுப்பினால் போதும். இந்நிகழ்வுச் சுழற்சி முறையைப் பைத்தானில் பரப்பியதில் கிளிஃப் லெஃப்கோவிட்ஸ் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய ட்விஸ்டட் சட்டகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பலர் கூடி ஆடும் எழுத்துவழி விளையாட்டு ஒன்றுக்காகத் தொடங்கிய முயற்சி அது. வேகம் கிட்டியது, ஆனால் நிரல் துண்டு துண்டாகச் சிதறியது. 'விடை வந்ததும் இதைச் செய், அது முடிந்ததும் அதைச் செய்' என்று அடுக்கப்பட்ட நிரலைப் படிப்பவருக்குக் கதையின் போக்குப் பிடிபடவில்லை.

விடுதலை, எதிர்பாராத மூலையிலிருந்து வந்தது. மதிப்புகளை ஒவ்வொன்றாக வழங்கும் 'ஜெனரேட்டர்' என்ற எளிய வசதி 2001இல் பைத்தான் 2.2இல் சேர்ந்திருந்தது. பாதியில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் இயல்பு அதற்கு உண்டு. 2006இல் வந்த 2.5 பதிப்பில் அதற்குள் வெளியிலிருந்து மதிப்பை அனுப்பவும் வழி பிறந்தது. கான்வே விளக்கிய கோரூட்டின் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பைத்தானின் பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது எனலாம். இவ்வடித்தளத்தின் மேல் கைடோ தாமே வடிவமைத்த 'ஏசிங்க்ஐஓ' 2014இல் பைத்தான் 3.4இல் இடம்பெற்றது. யூரி செலிவனவ் முன்மொழிந்த 'ஏசிங்க்', 'அவெய்ட்' என்னும் சொற்கள் 2015இல் 3.5 பதிப்புடன் மொழிக்குள் வந்தன. சி ஷார்ப் மொழியில் 2012 முதல் வழங்கிவந்த அதே சொற்கள் அவை. சிதறிய நிரல் மீண்டும் மேலிருந்து கீழாக வாசிக்கத்தக்க உரைநடையாயிற்று.

இதற்கும் விலை இருந்தது. நிரலுலகம் இரண்டு வண்ணங்களாகப் பிரிந்தது. 'அவெய்ட்' என்று அழைக்கவேண்டிய செயற்கூறுகள் ஒருபுறம், பழைய செயற்கூறுகள் மறுபுறம். ஒரு வண்ணத்தார் மற்ற வண்ணத்தாரை எளிதில் அழைக்க இயலாது. பாப் நைஸ்ட்ரம் 2015இல் எழுதிய கட்டுரை இவ்வண்ணப் பிரிவினையைச் சுட்டிக்காட்டியது. சுழற்சிக்குள் யாரேனும் நீண்ட கணக்கொன்றைத் தொடங்கிவிட்டால் அனைவரும் நிற்கவேண்டியதுதான். அங்கு வழிவிடுதல் என்பது பணிகளின் நல்லொழுக்கத்தைப் பொறுத்தது, கட்டாயப்படுத்த ஆளில்லை.

6. தாயற்ற பணிகள்

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. பின்னணிக்கு அனுப்பிய பணி தோற்றுப்போனால் அதை யார் அறிவார்? 'ஏசிங்க்ஐஓ'வில் ஒரு பணியைத் தொடங்கிவிட்டு அதன் சீட்டை எங்கும் வைத்துக்கொள்ளாவிட்டால், அப்பணி முடியும் முன்பே நினைவகத்திலிருந்து நீக்கப்படக்கூடும். சுழற்சி அதை வலுவின்றியே பற்றியிருக்கிறது என்று அதிகாரபூர்வ ஆவணமே எச்சரிக்கிறது. பணிக்குள் எழுந்த பிழையும், விடையை யாரும் கேட்காதவரை உரிய இடத்திற்குச் சென்றுசேர்வதில்லை. ஆய்வுத் தரவைத் திரட்டும் நிரலில் இது நேர்ந்தால் நிரல் வெற்றியுடன் முடிந்ததுபோலத் தோன்றும். தரவில் மட்டும் ஓட்டை விழுந்திருக்கும். வேகக் குறைவைக் காட்டிலும் கொடிய தீங்கு இது. ஏனெனில் கண்ணுக்குத் தெரியாது.

நதானியல் ஸ்மித் 2018இல் எழுதிய கட்டுரை இதனை அடிப்படையிலேயே கேள்விக்கு உட்படுத்தியது. கட்டற்ற 'கோ டூ' கட்டளைக்கு எதிராக டைக்ஸ்ட்ரா 1968இல் வைத்த வாதத்தை அவர் பின்னணிப் பணிகளுக்கும் நீட்டினார். தொடங்கியவரைத் தாண்டி உயிர்வாழும் பணி, எங்கு சென்று முடியும் என்று தெரியாத தாவலுக்கு ஒப்பானது என்பது அவர் வாதம். தாம் உருவாக்கிய ட்ரையோ என்னும் தொகுப்பில், பணிகள் அனைத்தும் ஒரு வளாகத்திற்குள் பிறந்து, அவ்வளாகம் மூடப்படும் முன் முடிந்தாகவேண்டும் என்ற விதியை வகுத்தார். அவ்வளாகத்திற்கு அவர் இட்ட பெயர் குழந்தைகள் காப்பகம் எனப் பொருள்படும் 'நர்சரி'. ஒரு பணி தவறினால் உடன்பிறந்தவை நிறுத்தப்பட்டு, பிழை தாய்நிரலிடம் வந்துசேரும். 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11இல் 'டாஸ்க்குரூப்' என்ற பெயரில் இக்கருத்து மொழியின் தரத் தொகுப்பிலேயே இடம்பெற்றது. பின்னணி என்பது பொறுப்பற்ற இடமாக இருக்கவேண்டியதில்லை என்பதை மொழி ஏற்றுக்கொண்ட தருணம் அது.

7. பூட்டு திறந்தபோது

2021இல் மெட்டா நிறுவனத்தைச் சேர்ந்த சாம் குரோஸ் பூட்டில்லாப் பைத்தானை வெளியிட்டார். முந்தைய முயற்சிகள் தோற்ற இடத்தில் இதைத் தாங்கியது, 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்கருத்து: ஒரு பொருளைப் படைத்த இழையே அதைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறது. ஆகவே அவ்விழைக்கு மலிவான தனிக் கணக்கு. பிற இழைகளுக்குச் சற்று விலைகூடிய பொதுக் கணக்கு. என்றும் அழியாத பொருள்களுக்குக் கணக்கே வேண்டியதில்லை. இவற்றோடு புதிய நினைவக மேலாண்மையும் சேர்ந்து வேக இழப்பைத் தாங்கத்தக்க அளவுக்குக் கொண்டுவந்தன.

2023 ஜனவரியில் 'பெப் 703' என்னும் முன்மொழிவு பதிவாயிற்று. அதன்மீது எழுந்த விவாதத்தில் பழைய வினாவே மீண்டும் ஒலித்தது. பயன் பெறுவோர் பல கருவகங்களில் செயற்கை நுண்ணறிவுப் பணிகளை ஓட்டுவோர். விலை கொடுப்போர் எல்லோரும். சிறப்பாக, சி மொழி நூலகங்களை ஊதியமின்றிப் பராமரித்துவரும் தன்னார்வலர்கள். முப்பது ஆண்டுகளாகப் பூட்டின் நிழலில் பாதுகாப்பாக இருந்த நிரல்களை அவர்கள் ஒவ்வொரு வரியாக மறுபரிசீலனை செய்யவேண்டும். மெட்டா மூன்று பொறியாளர்-ஆண்டு உழைப்பை வழங்குவதாக உறுதியளித்தது. வழிகாட்டுக் குழு 2023 அக்டோபரில் முன்மொழிவை ஏற்றது. ஆனால் படிப்படியாகவே செல்லவேண்டும் என்றும், பெருங்குலைவு நேர்ந்தால் பின்வாங்கும் உரிமை தனக்கு உண்டு என்றும் விதித்தது. பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறியபோது சமூகம் பட்ட நெடுந்துயரம் மீண்டும் வரக்கூடாது என்பதில் குழு கருத்தாயிருந்தது.

2024 அக்டோபரில் 3.13 பதிப்பில் பூட்டில்லா வடிவம் சோதனை நிலையில் வந்தது. தன்னைத் தயார் செய்துகொள்ளாத நூலகம் ஒன்றை அதில் ஏற்றினால் பூட்டு தானாகவே திரும்ப வந்துவிடும். ஒற்றை இழை வேகத்தில் அப்போது ஏறத்தாழ 40 விழுக்காடு இழப்பிருந்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14இல் அது 5 முதல் 10 விழுக்காடாகக் குறைந்து, அவ்வடிவம் அதிகாரபூர்வ ஆதரவைப் பெற்றது. ஆயினும் வழக்கமாக நிறுவப்படும் பைத்தானில் பூட்டு இன்றும் உள்ளது. பூட்டில்லாதது விரும்பித் தேர்வோருக்கு உரியது. அதே பதிப்பில், ஒரே பிராசஸுக்குள் தத்தம் பூட்டுடன் பல இன்டர்பிரட்டர்களை இயக்கும் வழியும் எரிக் ஸ்னோவின் நெடுநாள் உழைப்பால் நிரலர்களின் கைக்கு எட்டியது.

கைடோவின் 2007ஆம் ஆண்டு நிபந்தனை இன்றும் எழுத்துக்கு எழுத்து நிறைவேறவில்லை. சிறு இழப்பு எஞ்சியே நிற்கிறது. மாறியது நிபந்தனையைச் சூழ்ந்த உலகம். அன்று சிலரிடம் மட்டும் இருந்த பல கருவகக் கணினி இன்று கைப்பேசியிலேயே இருக்கிறது. பலருக்காகச் சிலர் பொறுத்துக்கொண்ட குறை, பலரே சுமக்கும் குறையாகிவிட்டது. தராசின் தட்டுகளில் இருந்த எடை இடம் மாறியதனால்தான் 1990களில் மறுக்கப்பட்ட கருத்து 2023இல் ஏற்கப்பட்டது.

இழை, பிராசஸ், நிகழ்வுச் சுழற்சி, வெளி வரிசை, தனி இன்டர்பிரட்டர் என்று இன்று வழிகள் பல. அவற்றுள் எது சிறந்தது என்று மாணவர்கள் வினவுவது இயல்பு. அவ்வினாவை மூன்றாகப் பிரித்துக்கொள்வதே பயன் தரும். பணி காத்திருக்கிறதா, கணக்கிடுகிறதா? தரவை இடம் மாற்றும் கூலி எவ்வளவு? பணி தவறினால் அச்செய்தி யாரிடம் வந்துசேரும்? முதல் இரண்டுக்கும் விடை காணாத நிரல் மெதுவாக ஓடும். மூன்றாவதற்கு விடை காணாத நிரல் விரைவாக ஓடி, தவறான முடிவைத் தரும்.